சுற்றளவு சொல்லாத மறுபாதி

120 அடி நீளமுள்ள ஒரு கயிறு நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வளையமாக்குகிறோம். நான்கு முளைகளை அடித்து, பக்கத்துக்கு 30 அடியாக ஒரு சதுரம் வருமாறு அந்த வளையத்தை இழுத்துக் கட்டுகிறோம். உள்ளே இருப்பது 900 சதுர அடி நிலம். இப்போது முளைகளைப் பிடுங்கி, அதே கயிற்றை 50 அடி நீளமும் 10 அடி அகலமுமாகக் கட்டிப் பார்ப்போம். கயிறு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. நிலம் மட்டும் 500 சதுர அடிக்கு இறங்கிவிட்டது. 59 அடிக்கு 1 அடி என்று ஒடுக்கிக் கட்டினால் 59 சதுர அடிதான் மிஞ்சும்.

பரப்பளவைப் பற்றி நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணம் இங்கே தெரிகிறது. ‘சுற்றி வர இவ்வளவு என்றால் உள்ளே இவ்வளவு இருக்கும்’ என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. அப்படி நினைப்பது இயல்புதான். ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் நம் கால்கள் அதன் ஓரமாகத்தான் நடக்கின்றன. வேலி போடும் செலவையும் ஓரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். உள்ளே இருக்கும் பரப்பை யாரும் காலால் நடந்து அளப்பதில்லை.

இந்த மயக்கம் மிகப் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைப் பற்றிக் குறைபட்டு எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த ஊர் மெகலோபொலிஸ். அந்த நகரத்தின் சுற்றளவு 50 ஸ்டேடியான். ஸ்பார்ட்டாவின் சுற்றளவு 48. ஒரு ஸ்டேடியான் என்பது 600 கிரேக்க அடி. சுற்றளவில் சிறியதான ஸ்பார்ட்டா, பரப்பில் மெகலோபொலிஸைப்போல இரண்டு மடங்கு என்று சொன்னால் மக்கள் நம்ப மறுக்கிறார்கள் என்கிறார் அவர். சிறுவயதில் படித்த வடிவியலை மறந்துவிட்டதுதான் அதற்குக் காரணம் என்றும் சொல்கிறார். தன் ஊரைச் சிறியதாகக் காட்டும் கணக்கையே ஒருவர் எடுத்துக்காட்டாக வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அப்படியானால் சுற்றளவு கதையில் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. மறுபாதி எது? அதைத் தேட மிக வசதியான இடம், வடிவங்களிலேயே ஒழுங்காக நடந்துகொள்பவை. கணிதத்தில் அவற்றுக்கு ஒழுங்குப் பலகோணங்கள் என்று பெயர். எல்லாப் பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும். எல்லாக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். சமபக்க முக்கோணம், சதுரம், ஒழுங்கு ஐங்கோணம், அறுங்கோணம், எண்கோணம் என்று இந்த வரிசை முடிவில்லாமல் நீளும்.

பக்கங்கள் சமம் என்பது மட்டும் போதாதா? நம் சதுரத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் 30 அடி. கீழிரண்டு முளைகளை அப்படியே விட்டு, மேலிரண்டை ஒரு பக்கமாகச் சாய்த்து நகர்த்தினால் அது சாய்சதுரம் ஆகிவிடும். பக்கங்கள் இப்போதும் 30 அடிதான். ஆனால் ஒரு மூலையின் கோணம் 60 பாகையாகும்வரை சாய்த்தால் பரப்பு சுமார் 779 சதுர அடிக்குக் குறைந்துவிடும். இன்னும் சாய்த்தால் இன்னும் குறையும். கோணங்களும் சமமாக இருந்தால்தான் வடிவம் அசையாமல் நிற்கும். அப்போது ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தாலே பரப்பைச் சொல்லிவிடலாம். இந்தச் சாய்சதுரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஒரு குடையை விரித்துத் தலைகீழாகப் பார்ப்போம். சாதாரணக் குடையில் எட்டுக் கம்பிகள் இருக்கும். நடுவிலிருந்து கிளம்பி எட்டு மூலைகளுக்குப் போகும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துணித்துண்டு. எட்டுத் துண்டுகளும் ஒரே அச்சில் வெட்டியவை. அவற்றின் வெளி விளிம்புகள் சேர்ந்துதான் குடையின் ஓரம். குடைக்குக் குழிவு உண்டு. நாம் அதைத் தட்டையாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டால், நம் முன்னால் இருப்பது ஓர் ஒழுங்கு எண்கோணம். எந்த ஒழுங்குப் பலகோணத்தையும் இப்படிப் பார்க்கலாம். மையத்திலிருந்து மூலைகளுக்குக் கோடுகள் இழுத்தால், எத்தனை பக்கமோ அத்தனை சமமான முக்கோணத் துண்டுகள்.

முக்கோணத்தின் பரப்பு நமக்குத் தெரியும். அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். குடைத்துண்டின் அடிப்பக்கம் அதன் வெளி விளிம்பு, அதாவது பலகோணத்தின் ஒரு பக்கம். உயரம் என்பது மையத்திலிருந்து அந்த விளிம்பின் நடுப்புள்ளிக்கு நேர்செங்குத்தாக இறங்கும் தூரம். இதை நாம் ‘நடுத்தூரம்’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் பரப்பு, ஒரு பக்கத்தை நடுத்தூரத்தால் பெருக்கியதில் பாதி.

எட்டுத் துண்டுகளையும் கூட்ட வேண்டும். எட்டிலும் நடுத்தூரம் ஒன்றே என்பதால் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடிப்பக்கங்களை மட்டும் கூட்டினால் போதும். எட்டு அடிப்பக்கங்களின் கூட்டுத்தொகைதான் குடையின் ஓரம் முழுவதும், அதாவது சுற்றளவு. ஆகவே பரப்பு என்பது சுற்றளவில் பாதியை நடுத்தூரத்தால் பெருக்கியது. பக்கங்கள் ஐந்தானாலும் ஐந்நூறானாலும் விதி இதுதான். பாடப்புத்தகத்தில் அறுங்கோணத்துக்கு ஒன்று, எண்கோணத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சூத்திரங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

நாம் தேடிய மறுபாதி இந்த நடுத்தூரம்தான். அதைக் குடைக்கம்பியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பி மூலைக்குப் போகிறது; நடுத்தூரம் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, துணியின் மேலே போகிறது. கம்பி எப்போதும் கொஞ்சம் நீளம். நம் 120 அடிக் கயிற்றை 20 அடிப் பக்கமுள்ள அறுங்கோணமாகக் கட்டினால் மையத்திலிருந்து மூலைக்கு 20 அடி இருக்கும். பக்கத்தின் நடுவுக்கு 17.32 அடிதான். கம்பியை எடுத்துப் பெருக்கினால் 60 × 20 = 1,200 சதுர அடி என்று வரும். இது தவறு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதே கயிற்றை முழு வட்டமாகக் கட்டினாலும் உள்ளே 1,146 சதுர அடிதான் அடங்கும். வட்டத்தைவிட அதிகமாக எந்த வடிவத்துக்குள்ளும் அடக்க முடியாது. சரியான விடை 60 × 17.32, சுமார் 1,039.

மெக்கானிக் கடைகளில் இந்த நடுத்தூரம் தினமும் பேசப்படுகிறது. ஸ்பேனரில் 17 என்று பொறித்திருந்தால், அது பிடிக்கும் அறுகோண நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையே 17 மில்லிமீட்டர் என்று பொருள். அதில் பாதி, 8.5 மில்லிமீட்டர், நடுத்தூரம். மூலைக்கு மூலை அளந்தால் 19.6 மில்லிமீட்டர் வரும். அந்த அளவை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஸ்பேனரின் வாய் கவ்வுவது பக்கங்களை. நட்டின் முகப்பரப்பு வேண்டுமா? பக்கம் 9.815, சுற்றளவில் பாதி 29.44, அதை 8.5ஆல் பெருக்கினால் சுமார் 250 சதுர மில்லிமீட்டர். நடுவில் உள்ள துளையைக் கழிப்பது தனிக்கணக்கு.

இனிக் கயிற்றுக்குத் திரும்புவோம். சுற்றளவு 120 அடி, அதில் பாதி 60. இது எந்த வடிவத்துக்கும் மாறப்போவதில்லை. ஆகவே பரப்பு என்பது 60ஐ நடுத்தூரத்தால் பெருக்கியது, அவ்வளவுதான். கயிற்றைச் சமபக்க முக்கோணமாகக் கட்டினால் நடுத்தூரம் 11.55 அடி, பரப்பு 693 சதுர அடி. சதுரத்தில் நடுத்தூரம் 15, பரப்பு 900. ஐங்கோணத்தில் 16.52, பரப்பு 991. அறுங்கோணத்தில் நாம் பார்த்த 1,039. எண்கோணத்தில் 18.11, பரப்பு 1,086. பன்னிரண்டு பக்கம் வைத்தால் 18.66, பரப்பு 1,120.

ஒரே கயிறு ஏன் ஒவ்வொரு முறையும் வேறு பரப்பைத் தருகிறது என்பதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. பக்கங்கள் கூடக்கூட ஒவ்வொரு பக்கமும் மையத்தைவிட்டு விலகிப் போகிறது, நடுத்தூரம் கூடுகிறது. அதே சமயம் மூலைகள் மையத்தை நோக்கி உள்ளே வருகின்றன. முக்கோணத்தில் மூலை 23.09 அடி தள்ளி இருந்தது, பக்கமோ 11.55 அடியில் இருந்தது. பன்னிரு கோணத்தில் மூலை 19.32, பக்கம் 18.66. இரண்டும் நெருங்கி நெருங்கிக் கடைசியில் 19.10 அடியில் சேரும் இடம்தான் வட்டம். அங்கே மூலை என்று ஒன்று தனியாக இல்லை, பக்கமும் இல்லை.

இதை முறையாக நிறுவியவர் ஜெனோடோரஸ் என்ற பழங்கிரேக்கக் கணித அறிஞர். ஒரே சுற்றளவுள்ள ஒழுங்குப் பலகோணங்களில் மூலைகள் அதிகமுள்ளதே பெரியது; ஒரே எண்ணிக்கையில் பக்கங்களும் ஒரே சுற்றளவும் உள்ளவற்றில் ஒழுங்கானதே பெரியது; வட்டம் அவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அவர் எழுதிய நூல் தொலைந்துபோனது. தாலமியின் வானியல் நூலுக்கு அலெக்சாந்திரியாவின் தியோன் எழுதிய உரையில் அதன் சாரம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

சரி, நடுத்தூரம் தெரிந்தால் பரப்பு வந்துவிடும். ஒரு பலகோணத்தின் பக்கத்தை டேப்பால் அளந்துவிடலாம். ஆனால் மையம் எங்கே என்று தரையில் குறித்து வைத்திருக்க மாட்டார்களே? பக்கத்திலிருந்து நடுத்தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அறுங்கோணம் இதில் மிகவும் இணக்கமானது. அதன் ஆறு துண்டுகளும் சமபக்க முக்கோணங்கள். மையத்தைச் சுற்றியுள்ள 360 பாகையை ஆறாகப் பிரித்தால் 60 வருவதால் இப்படி அமைகிறது. பக்கம் 20 என்றால் கம்பியும் 20. ஒரு துண்டை நடுவில் இரண்டாகப் பிளந்தால், 20 அடிக் கர்ணமும் 10 அடி அடியும் உள்ள செங்கோண முக்கோணம் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றப்படி 400இலிருந்து 100ஐக் கழித்து, 300க்கு வர்க்கமூலம் எடுத்தால் 17.32.

எண்கோணத்தை நம் ஊர்க் கற்றச்சர்கள் பார்க்கும் விதத்தில் பார்ப்பது நல்லது. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? அடியும் தலையும் சதுரம். நடுப்பகுதி எட்டுப் பட்டை. சதுரப் பகுதிக்குச் சதுரம் என்றும், நடுவே உள்ள எட்டுப்பட்டைப் பகுதிக்குக் கட்டு என்றும் பெயர். எண்கோணம் என்பது நான்கு மூலைகளைச் செதுக்கிய சதுரம் என்பதை அந்தத் தூண் கண்ணுக்கு நேராகக் காட்டுகிறது.

எவ்வளவு செதுக்குவது? பக்கத்தை மூன்றாகப் பிரித்து, இரு ஓரத்துப் பங்குகளையும் வெட்டினால் சரியாகிவிடும் என்று முதலில் தோன்றும். 24 அங்குலச் சதுரத்தில் அப்படிச் செய்தால் நேர்ப்பக்கம் 8 அங்குலமும் வெட்டிய பக்கம் 11.3 அங்குலமுமாக இருக்கும், எட்டும் சமமாகாது. சரியான குறி போட எளிய வழி ஒன்று உண்டு. சதுரத்தின் மூலைவிட்டத்தை அளந்து, அதில் பாதி நீளத்தை ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கங்களின் மேலும் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டுக் குறிகள் விழும். அவற்றைச் சேர்த்தால் ஒழுங்கு எண்கோணம். 24 அங்குலச் சதுரத்தில் மூலைக்கு 7.03 அங்குலம் வெட்டுப்படும். எண்கோணத்தின் பக்கம் 9.94 அங்குலம்.

வெட்டி எடுத்த நான்கு மூலைத் துண்டுகளையும் செங்கோணங்கள் உள்ளே சந்திக்குமாறு ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒரு சிறு சதுரம் வரும். அந்தச் சதுரத்தின் பக்கம் எண்கோணத்தின் பக்கமேதான். ஆகவே எண்கோணத்தின் பரப்பு, முழு அகலத்தின் வர்க்கத்திலிருந்து ஒரு பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தது. 576இலிருந்து 98.8ஐக் கழித்தால் 477.2 சதுர அங்குலம். நம் விதியும் இதையே சொல்கிறதா என்று பாருங்கள்: சுற்றளவில் பாதி 39.76, நடுத்தூரம் 12, பெருக்கினால் 477.1. கடைசித் தசமத்தில் உள்ள வேறுபாடு நாம் எண்களைச் சுருக்கியதால் வந்தது. சதுரத் தூணை எண்பட்டையாக்க நூற்றுக்குப் பதினேழு பங்கு கல் போகிறது.

ஐங்கோணம் இவ்வளவு எளிதில் வழிக்கு வராது. மையத்தில் 360ஐ ஐந்தாகப் பிரித்தால் 72 பாகை. ஒரு துண்டைப் பாதியாகப் பிளந்தால் 36 பாகை. இங்கேதான் முக்கோணவியலின் உதவி வேண்டும். டான் 36 என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். நடுத்தூரக் கோட்டின் மேல் மையத்திலிருந்து 1 அடி நடந்தால், 36 பாகை சாய்ந்திருக்கும் கம்பி பக்கவாட்டில் எவ்வளவு விலகியிருக்கும் என்ற கேள்விக்கான விடைதான் அது. அந்த விடை 0.7265 அடி. பக்கத்தின் பாதி நீளம் விலகும்வரை நாம் நடக்க வேண்டும். ஆகவே பாதிப் பக்கத்தை 0.7265ஆல் வகுத்தால் நடுத்தூரம் வந்துவிடும்.

பெரியதொரு ஐங்கோணத்தில் இதைச் சோதித்துப் பார்ப்போம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன், வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் இருக்கிறது. 1941 செப்டம்பரில் தொடங்கி 1943 ஜனவரியில் கட்டி முடித்தார்கள். முதலில் தேர்ந்தெடுத்த இடத்தை ஐந்து சாலைகள் சூழ்ந்திருந்ததால் வரைபடம் ஐங்கோணமாக அமைந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் கட்டடத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்ன பிறகும் ஐங்கோணத் திட்டம் நிலைத்துவிட்டது. புதிய இடத்தில் அதை ஒழுங்கான ஐங்கோணமாகத் திருத்திக்கொண்டார்கள்.

அதன் ஒவ்வொரு வெளிச்சுவரும் 921 அடி. பாதிப் பக்கம் 460.5, அதை 0.7265ஆல் வகுத்தால் நடுத்தூரம் சுமார் 634 அடி. சுற்றளவு 4,605 அடி, பாதி 2,302.5. பெருக்கினால் ஏறத்தாழ 14,60,000 சதுர அடி. ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதால் இது 33.5 ஏக்கர். கட்டடம் அமர்ந்திருக்கும் நிலம் 29 ஏக்கர், நடுமுற்றம் 5 ஏக்கர் என்று அங்கே கணக்குச் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் 34. முழு எண்ணாக்கியதை விட்டுப் பார்த்தால், ஒரே ஒரு சுவரின் நீளத்தை வைத்து நாம் உட்கார்ந்த இடத்திலேயே போட்ட கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் இப்படி வகுத்துப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒழுங்குப் பலகோணத்தின் பரப்பு எப்போதும் பக்கத்தின் வர்க்கத்துக்கு ஒரு நிலையான மடங்கு. ஐங்கோணத்துக்கு 1.72, அறுங்கோணத்துக்கு 2.598, எண்கோணத்துக்கு 4.828. அலெக்சாந்திரியாவின் பழங்காலக் கணித அறிஞர் ஹெரோன் தன் ‘மெட்ரிகா’ நூலில் முக்கோணம் முதல் பன்னிரு கோணம் வரை இந்த மடங்குகளை வேலைக்கு வசதியான பின்னங்களாகக் கொடுத்திருக்கிறார். ஐங்கோணத்துக்கு 5/3, அறுங்கோணத்துக்கு 13/5, எண்கோணத்துக்கு 29/6. அறுங்கோணமும் எண்கோணமும் இன்றைய கால்குலேட்டருக்கு மிக அருகில் நிற்கின்றன. ஐங்கோணம் நூற்றுக்கு மூன்று பங்கு குறைகிறது. பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்த அந்த நூலின் கையெழுத்துப் பிரதி 1896இல் இஸ்தான்புலில் கிடைத்தது. மடங்கு பக்கத்தின் வர்க்கத்துக்கு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்: பக்கத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும்.

இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு கேள்வி கேட்கலாம். நம் விதி வேலை செய்ததற்கு உண்மையான காரணம் பக்கங்கள் சமமாக இருந்ததா? கூட்டும்போது நாம் எதை வெளியே எடுத்து வைத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாத் துண்டுகளுக்கும் உயரம் ஒன்றே என்பதை மட்டும்தான் பயன்படுத்தினோம். அடிப்பக்கங்கள் சமமா என்று கேட்கவே இல்லை. ஆகவே எல்லாப் பக்கங்களும் ஒரு புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் போதும். அதாவது, எல்லாப் பக்கங்களையும் தொடும் ஒரு வட்டத்தை உள்ளே வரைய முடிந்தால் போதும். முன்னால் ஒதுக்கி வைத்த சாய்சதுரம் அப்படிப்பட்டது. அதன் உள்வட்டத்தின் ஆரம் 12.99 அடி; 60ஆல் பெருக்கினால் 779. முக்கோணம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதற்கும் உள்வட்டம் உண்டு; விதி அதற்கும் பொருந்தும்.

வட்டத்துக்கும் இதே விதிதான். சுற்றளவில் பாதியை ஆரத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. ஆர்க்கிமிடீஸ் இதைத்தான் நிறுவினார். அறுங்கோணத்தில் தொடங்கிப் பக்கங்களை இரட்டித்து இரட்டித்து 96 பக்கம்வரை போய், வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல 3 1/7 மடங்குக்குக் குறைவு, 3 10/71 மடங்குக்கு அதிகம் என்று காட்டினார். கணக்கதிகாரம் என்ற பழந்தமிழ்க் கணித நூலில் வட்ட நிலத்தின் குழி, அதாவது பரப்பு, காணச் சொல்லியிருக்கும் வழியும் இதுவே: பாதி விட்டத்தையும் பாதி வட்டத்தையும் பெருக்க வேண்டும். பாதி விட்டம் நம் நடுத்தூரம், பாதி வட்டம் நம் பாதிச் சுற்றளவு. கயிற்றைப் பிடித்து நிலம் அளந்தவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள ஏற்ற அளவில் அந்த விதி அதில் அடங்கியிருக்கிறது.

உள்வட்டம் இல்லாத வடிவங்களை என்ன செய்வது? 50க்கு 10 என்று கட்டிய நம் செவ்வகத்திலேயே நான்கு பக்கத்தையும் தொடும் வட்டம் கிடையாது. செவ்வகத்துக்கு நீளம் பெருக்கல் அகலம் இருக்கிறது. ஆனால் நாம் வாங்குகிற மனைகள் பெரும்பாலும் நான்கு பக்கமும் நான்கு அளவாக இருக்கும். அங்கே ஒரு சுருக்கு வழி வழக்கத்தில் உண்டு: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைத்த இரண்டையும் பெருக்குவது. மனை செவ்வகமாக இருந்தால் இது சரி. மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் இது உண்மையைவிட அதிகமாகவே காட்டும். இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே இது தோராயக் கணக்குத்தான் என்று தனியே குறித்து வைத்தார்.

நம் சாய்சதுரத்தை அந்த வழியில் அளந்தால் 30 × 30 = 900 சதுர அடி என்று வரும். உள்ளே இருப்பதோ 779. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மனையில் இல்லாத, கால் சென்ட்டுக்கும் மேற்பட்ட நிலத்துக்கு விலை கொடுத்திருப்போம். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே இது நடக்கும். நான்கு பக்கங்களின் அளவு தெரிந்தும் நிலத்தின் அளவு தெரியவில்லை என்பதுதான் சிக்கல். முளைகளைச் சாய்த்தபோது நாம் பார்த்தது அதைத்தான்.

இதற்கு ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்து மூலைவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும், முக்கோணம் அசையாது. மூன்று பக்கம் தெரிந்த முக்கோணத்தின் பரப்புக்கு ஹெரோன் அதே ‘மெட்ரிகா’வில் வழி சொல்லியிருக்கிறார்: சுற்றளவில் பாதியை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று பக்கங்களையும் தனித்தனியே கழித்து, கிடைத்த நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். நம் சாய்சதுரத்தின் குறுகிய மூலைவிட்டம் 30 அடி. பாதிச் சுற்றளவு 45, கழித்தால் மூன்று முறையும் 15. 45 × 15 × 15 × 15க்கு வர்க்கமூலம் 389.7. அப்படி இரண்டு முக்கோணம், மொத்தம் 779.4 சதுர அடி. கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரே இதற்குப் போதும். மனையில் நிற்கும்போதே போட்டுப் பார்த்துவிடலாம்.